முனையில்லாத ஈட்டி



குருமனைக்கு வருகிறவர்கள் என் படிப்பறையில் இரண்டு காரியங்களைக் குறித்துக் கேட்பதுண்டு. ஒன்று, இத்தனை புத்தகங்களையும் வாசித்துவிட்டீர்களா என்பது. அதற்கு நான் சிரித்து மழுப்பிவிடுவேன். மற்றொன்று, வேத வியாக்கியான நூல்களுக்கு மேலே உள்ள தட்டில் ஏன் இரண்டு மரக்கப்பல்கள் பாயும் பாய்மரமும் இல்லாமல் வெறும் உடலாகவே நிற்கின்றன, அவற்றில் ஒன்று ஏன் கோணலாக இருக்கிறது என்பது. அதற்கு இதுவரை நேரான பதில் சொன்னதில்லை. இந்த வாரம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று என் மனச்சாட்சி உந்துகிறது.

நான் கடற்கரை ஊரில் பிறந்தவன். பள்ளி விட்டதும் தோணி கட்டுமிடத்துக்கு ஓடிப்போய், ஓடாவிமார் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஏரா, வங்கு, அணியம், கலப்பத்து என்ற சொற்களெல்லாம் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுமுன்பே என் காதில் விழுந்தவை. பிற்காலத்தில் இறையியல் கல்லூரியில் படிக்கையில், ஆலயத்தில் சபையார் அமரும் நடுக்கூடத்தை ஆங்கிலேயர் 'நேவ்' என்று அழைப்பது, கப்பலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று ஆசிரியர் சொன்னபோது, விட்டுவந்த கடற்கரை திரும்பக் கிடைத்ததுபோல் மகிழ்ந்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இரத்த அழுத்தம் கூடிப்போய் மருத்துவரிடம் சென்றேன். வாரத்தில் ஒரு நாளாவது சபையையும் பிரசங்கத்தையும் மறக்கும்படியான கைவேலை ஒன்றைச் செய்யுங்கள் என்றார் அவர். அன்றிலிருந்து திங்கட்கிழமை மாலைகளில் மரத்தில் கப்பல் மாதிரிகள் செய்து வருகிறேன்.

தட்டில் நிற்கும் இரண்டும் ஒரே கப்பலின் மாதிரிகள்தான். அதன் பெயர் எண்டவர். 1768ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஜேம்ஸ் குக் என்பவர் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து 94 பேருடன் தென்கடலுக்குப் புறப்பட்ட கப்பல் அது. போர்க்கப்பலாகப் பிறந்ததல்ல. 1764இல் விட்பி என்ற ஊரில், நிலக்கரி சுமப்பதற்காகக் கட்டப்பட்டது. முகம் கூர்மையாக இராமல் உருண்டு பருத்திருக்கும். அடிப்பகுதி தட்டையாக இருக்கும். அழகான கப்பல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மிகுந்த சுமை தாங்கும். தரைதட்டினாலும் கவிழாமல் நிற்கும். ஏறத்தாழ 30 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட அதை அறுபதில் ஒரு பங்காகச் செய்தால், ஏறக்குறைய அரை மீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மாதிரி கிடைக்கும். சுமை தாங்கும் கப்பல் என்பதாலேயே அது எனக்குப் பிடித்துப்போயிற்று.

கப்பலின் உடலைச் செய்வது எப்படி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவே அணியம் முதல் பின்புறம் வரை நீளவாக்கில் ஒரு முதுகுப்பலகை நிற்கும். அதில் வரிசையாகப் பள்ளங்கள் வெட்டி, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குறுக்குச்சட்டத்தைச் செருக வேண்டும். மீனின் முள்ளையும் அதன் விலாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். என் மாதிரியில் பதின்மூன்று சட்டங்கள். அந்தந்த இடத்தில் கப்பலைக் குறுக்கே அறுத்தால் என்ன வடிவம் தெரியுமோ, அதுவே அந்தச் சட்டத்தின் வடிவம். இந்த எலும்புக்கூட்டின்மேல் மெல்லிய பலகைக் கீற்றுகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டிக்கொண்டே வந்தால் உடல் உருவாகும். மூடியபின் உள்ளே இருக்கும் எலும்பு யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த எலும்பு எப்படி நிற்கிறதோ, அப்படித்தான் கப்பலும் நிற்கும்.

முதலாவது கப்பலை இழைவாளால் அறுத்துச் செய்தேன். ஐப்பசி மழைக்காலம். ஒட்டுப்பலகை ஈரம் குடித்து, முதுகுப்பலகை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வளைந்திருந்ததை மேசைமேல் வைத்துப் பார்த்தபோதே கண்டேன். மேற்பலகைகள் இழுத்து நேராக்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன்மேல் இன்னொரு தவறும் செய்தேன். பலகைகளை இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என மாற்றி மாற்றித்தான் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு பலகையும் காயும்போது உடலைத் தன் பக்கம் சற்று இழுக்கும். எனக்கோ இடப்புறம் எளிதாக வந்தது. மூன்று திங்கட்கிழமைகள் தொடர்ந்து இடப்புறமே ஒட்டினேன். எல்லாம் முடிந்து பின்புறமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நோக்கியபோது, அணியமும் பின்கம்பமும் ஒரே கோட்டில் இல்லை. நான்கு மில்லிமீட்டர் விலகல். உண்மைக் கப்பலின் அளவில் அது 24 சென்டிமீட்டர். நேரே போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வாழ்நாளெல்லாம் ஒரு பக்கமாகவே திரும்புகிற கப்பல்.

பிரித்துவிட்டு மறுபடியும் செய்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. மரத்தூளையும் பசையையும் குழைத்துப் பள்ளமான பக்கத்தில் அப்பி, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை வர்ணம் பூசினேன். அறுப்பின் பண்டிகையின்போது ஆலயக் கூடத்தில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். ஐயா கையில் என்ன நேர்த்தி என்று பலர் பாராட்டினார்கள். நான் தலைகுனிந்து அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டேன். அது தாழ்மை என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள்.

பிரியமானவர்களே, கப்பலில் மட்டும் நான் அப்படிச் செய்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியம் இராது.

எங்களுக்கு ஒரே மகன். அவன் பிறந்தபோது அவனை ஊழியத்துக்கென்று நேர்ந்துகொண்டேன். அவனிடம் கேட்காமலே என் வாயால் செய்த பொருத்தனை அது. பொறியியல் படித்து முடித்ததும், இனி இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு இரவு சாப்பாட்டு வேளையில் ஆரம்பித்தேன். "அப்பா, எனக்கு அந்த அழைப்பு இல்ல. இருக்கிற மாதிரி நடிக்கவும் எனக்குத் தெரியாது" என்றான். அவன் உண்மை பேசினான். பிரசங்கபீடத்தில் உண்மையைப் புகழ்கிற நான், "அப்படியானால் இந்த வீட்டில் உனக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டேன். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். அன்றிரவே பேருந்தில் கோயம்புத்தூர் போய்விட்டான். அங்கே இயந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது.

அதன்பின் மூன்று ஆண்டுகள் எங்கள் பேச்செல்லாம் அவன் தாயார் வழியாகவே நடந்தது. அப்பா நல்லா இருக்காங்களா என்று அவன் கேட்பான். இருக்கிறார் என்று அவள் சொல்வாள். யாராவது மகனைப் பற்றி விசாரித்தால், கர்த்தருடைய கிருபையால் நன்றாக இருக்கிறான் என்பேன். மரத்தூளும் பசையும், மேலே வெள்ளை வர்ணமும்.

என் ஐம்பத்தைந்தாம் பிறந்தநாளன்று கூரியரில் ஒரு பெரிய பெட்டி வந்தது. மேசைமேல் வைத்து இயக்கும் லேசர் கட்டிங் மெஷின். மகன் அனுப்பியிருந்தான். உள்ளே அவன் கையெழுத்தில் ஒரு தாள். வாழ்த்து ஏதும் இல்லை. புகையை வெளியேற்ற மின்விசிறி வைக்க வேண்டும், இயந்திரம் ஓடும்போது அதை விட்டு அகலக்கூடாது, அருகில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும், பி.வி.சி. பிளாஸ்டிக்கை அதில் ஒருபோதும் வெட்டக்கூடாது, நச்சு வாயு வரும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இயக்க வேண்டாம், அந்த நீல ஒளி விழித்திரையைச் சுட்டுவிடும் என்று எண்ணிட்டு எழுதியிருந்தான். கண்ணாடி குறித்த வரியின் கீழே இரண்டு கோடுகள் இழுத்திருந்தான். அந்த இரண்டு கோடுகளுக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள எனக்கு அப்போது மனமில்லை. பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். நான்கு மாதம் அது அங்கேயே கிடந்தது. வீடு பெருக்கும்போதெல்லாம் என் மனைவி அதை வெளியே இழுத்து, தூசி துடைத்து, ஒன்றும் பேசாமல் மறுபடி உள்ளே தள்ளுவாள்.

கடைசியில் ஆவல்தான் என்னை வென்றது; மனந்திரும்புதல் அல்ல. கோணல் கப்பல் தட்டிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை, இம்முறை பிழையில்லாமல் செய்துவிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன்.

மேற்பலகைகளுக்கு வெப்பாலை மரம் வாங்கினேன். சென்னப்பட்டணத்து மரப்பொம்மைகள் செய்கிற அதே மரம். தேக்கு உயர்ந்த மரமேயானாலும் அறுபதில் ஒரு பங்கு அளவில் அதன் ரேகைகள் பெரிதாகத் தெரியும். வெப்பாலையோ தந்தம்போல் வழவழப்பாக இருக்கும். பட்டறைத் தொழிலை விட்டு ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் தம் சிறிய மில்லிங் மெஷினைக் குறைந்த விலைக்குத் தந்திருந்தார். அதில் மரத்தை இருபுற ஒட்டுநாடாவால் படுக்கவைத்து ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவினேன். ஏராக்கட்டையின் இருபுறமும் முதல் பலகை வந்து அமர்வதற்கான நீண்ட பள்ளத்தையும் அதிலேயே ஓட்டினேன். அவசரப்பட்டுக் கைப்பிடியைச் சுழற்றினால் விளிம்பு சிம்பு சிம்பாகப் பெயர்ந்துவிடும். மெல்ல, பலமுறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகச் சீவினால் கண்ணாடிபோல் வரும்.

சட்டங்களை வெட்டும் முறைதான் லேசருக்கு. வரைபடத்தைக் கணினியில் ஏற்றி மூன்று மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையை வைத்தேன். நீலப் பொட்டு ஒன்று மரத்தின்மேல் ஊர்ந்தது. நான் ஒரு மாதம் இழைவாளால் அறுத்ததை அது ஒரு பிற்பகலில் முடித்துவிட்டது. பதின்மூன்று சட்டங்கள், இடமும் வலமும் மயிரிழை மாறாமல். பெருமிதத்தோடு முதுகுப்பலகையில் செருகினேன். எல்லாம் ஆடின. பல் விழும் பருவத்துக் குழந்தையின் பற்களைப்போல் ஒவ்வொன்றும் இப்படியும் அப்படியும் சாய்ந்தது. பள்ளங்களைச் சிறிதாக வரைந்து மறுபடி வெட்டினேன். இப்போது உள்ளேயே போகவில்லை. சுத்தியால் தட்டியதில் முதுகுப்பலகை பிளந்தது. மூன்று திங்கட்கிழமைகள் இப்படியே கழிந்தன. காபி கொண்டுவந்த என் மனைவி, உடைந்த பலகையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அனுப்பினவன்கிட்ட கேட்டா என்ன குறஞ்சுபோகும்?"

நான் பதில் சொல்லவில்லை. அன்றிரவு உறக்கம் வராமல், எண்டவர் கப்பலின் பயணத்தை மறுபடி வாசித்தேன்.

1770ஆம் ஆண்டு ஜூன் 11. இரவு 11 மணி அளவில், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் பவளப்பாறையில் எண்டவர் மோதிச் சிக்கிக்கொண்டது. பீரங்கிகளையும் எடைக்கற்களையும் தண்ணீர்ப் பீப்பாய்களையும் கடலில் எறிந்து பாரம் குறைத்தார்கள். ஏறக்குறைய ஒரு நாள் போராடிய பின்னரே கப்பல் விடுபட்டது. பழங்கயிற்று நாரையும் கம்பளி மயிரையும் ஒரு பாயில் அப்பி, அதைக் கயிறுகளால் கப்பலின் அடியில் இழுத்து ஓட்டையை அடைத்தார்கள். ஒரு ஆற்றின் முகத்துவாரத்தில் கொண்டுபோய்க் கப்பலைச் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: உடைந்த பாறையின் ஒரு துண்டு ஓட்டையிலேயே சிக்கி நின்றிருந்தது. அது மட்டும் அங்கே நில்லாதிருந்தால் கப்பல் மூழ்கியிருக்கும். அடித்த பாறையே அடைத்துக்கொண்டு நின்றது. ஆனாலும் அதை அப்படியே விட்டுவிட்டு அவர்கள் பயணம் தொடரவில்லை. பிடுங்கி எடுத்து, உடைந்த பலகைகளை மாற்றினார்கள். ஏறக்குறைய ஏழு வாரம் அங்கே தங்கினார்கள்.

அந்த ஆற்றங்கரை யாருமற்ற இடமல்ல. கூகு யிமிதிர் என்னும் மக்களின் பூமி அது. கங்காரு என்று நாம் சொல்லும் சொல்லே அவர்கள் மொழியிலிருந்து வந்ததுதான். தொடக்கத்தில் இரு தரப்பும் நட்பாகவே பழகினார்கள். பிறகு ஜூலை 19 அன்று ஒரு சண்டை மூண்டது. கப்பலின் தளத்தில் மாலுமிகள் பிடித்துவைத்திருந்த கடலாமைகள் பல கிடந்தன. அம்மக்களின் கடலில் பிடித்தவை. அவர்களுடைய உத்தரவைக் கேளாமல் பிடித்தவை. ஒன்றையாவது தாருங்கள் என்று வந்தவர்கள் கேட்டார்கள். மறுக்கப்பட்டது. கோபத்தோடு கரையேறிய அவர்கள் மாலுமிகளின் கூடாரத்தைச் சுற்றி இருந்த காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். குக் துப்பாக்கியால் சுட்டார். ஒருவருக்குக் காயம்பட்டு இரத்தம் சிந்தியது.

அதற்குப்பின் நடந்ததுதான் என்னை எழுந்து உட்காரச் செய்தது. சிறிது நேரம் கழித்து, சிறிய உருவமுடைய ஒரு முதியவர் அந்த மக்களிடமிருந்து தனியே முன்னே வந்தார். அவர் கையில் ஒரு ஈட்டி இருந்தது. அதற்கு முனை இல்லை. உடன் பயணம் செய்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் தம் நாட்குறிப்பில் அதை எழுதிவைத்திருக்கிறார். பின்னர் இரு தரப்பும் அமர்ந்தார்கள், பறித்துவைத்திருந்த ஈட்டிகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன, சமாதானம் உண்டாயிற்று. அந்த ஆற்றங்கரையில் இன்று குக்டவுன் என்ற ஊர் இருக்கிறது. அந்த முதியவரை அவ்வூரார் இன்றும் நினைவுகூருகிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். அந்தச் சண்டையில் அநியாயம் செய்யப்பட்டவர்கள் அவருடைய மக்கள். ஆமையும் அவர்களுடையது, சிந்திய இரத்தமும் அவர்களுடையது. இருந்தும் முன்னே வந்தது அவர்தான். அதுவும் அவர்களுள் முதியவர். என் காரியத்திலோ அநியாயம் செய்தவனும் நான், மூத்தவனும் நான். பெட்டி அனுப்பி முதலில் முன்னே வந்தவன் என் மகன். பலிபீடத்தின் முன் காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுடைய மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால் என்ன செய்யவேண்டும் என்பதைப் பற்றி நான் இருபது முறையாவது பிரசங்கித்திருப்பேன். மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பலிபீடத்தின் முன்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவனை அழைத்தேன். என்ன பேசுவது என்று நான் ஆயத்தம் செய்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "எய்யா, அந்தச் சட்டமெல்லாம் ஆடுதுய்யா" என்றேன்.

சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பலகை கனத்தை அளந்து பாத்தீங்களாப்பா?" என்று கேட்டான்.

மூன்று மில்லிமீட்டர் என்று கடைக்காரர் சொன்னதை நம்பியிருந்தேன். வெர்னியர் வைத்து அளந்தால் 2.8தான் இருந்தது. அதோடு, லேசர் ஒளிக்கும் ஒரு அகலம் உண்டு. போகிற வழியில் 0.15 மில்லிமீட்டர் அளவுக்கு மரத்தை எரித்துவிடும் என்று விளக்கினான். மூன்று என்று வரைந்த பள்ளம் 3.15 ஆகிவிடும். அதில் 2.8 கனமுள்ள பலகை ஆடாமல் என்ன செய்யும்? "2.65ன்னு வரைங்கப்பா. எரிஞ்சது போகச் சரியா 2.8 நிக்கும். முதல்ல ஒரு துண்டுப் பலகையில வெட்டிப் பாருங்க" என்றான். அப்படியே செய்தேன். பெருவிரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று, விட்டால் நின்றது.

அதன்பின் பல வாரம் திங்கட்கிழமை இரவுகளில் பேசினோம். லேசரைப் பற்றி மட்டுமே பேசினோம். கருகிய விளிம்பில் பசை பிடிக்காது, கரியைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்று அவன் சொன்னான். மழைநாளில் முதுகுப்பலகை வளையாதிருக்க, இரண்டு இரும்புக் கோணச்சட்டங்களுக்கு நடுவே அதைப் பிடித்துவைத்துக் கட்டச் சொன்னான். வேறு எதையும் நாங்கள் தொடவில்லை. இருவருக்கும் தெரிந்திருந்தது, இருவரும் சுற்றிப்போனோம்.

எலும்புக்கூடு ஆடாமல் நிமிர்ந்து நின்ற அன்று, வேலை முடிந்தது என்று நினைத்தேன். மெல்லிய நீண்ட கீற்று ஒன்றை எடுத்து, மேற்பலகை போகிற வழியில் சட்டங்களின்மேல் வளைத்துப் பிடித்துப் பார்த்தேன். நடுப்பகுதியில் ஒழுங்காகப் படிந்தது. அணியத்தின் பக்கம் போனதும் ஒவ்வொரு சட்டத்தின் ஒரு விளிம்பை மட்டும் தொட்டது. மறு விளிம்பில் வெளிச்சம் தெரிந்தது. வெட்டியதில் பிழை இல்லை. லேசர் ஒளி மேலிருந்து கீழே செங்குத்தாகவே வெட்டும். சட்டத்தின் விளிம்பு தொண்ணூறு பாகையில் நேராக நிற்கும். ஆனால் கப்பல் முகத்தை நோக்கிக் குறுகும்போது பலகை சாய்வாக அல்லவா வந்து படிகிறது! எந்தச் சாய்வு என்பது பக்கத்துச் சட்டம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு சட்டமும் தன்னளவில் குற்றமற்றது. ஆனால் பக்கத்திலிருப்பதை அறியாது. எண்டவரின் முகம் உருண்டு பருத்தது. ஆகவே அங்கே சாய்வும் அதிகம்.

இதை என் லேசர் செய்து தராது; கைதான் செய்ய வேண்டும். விளிம்புகளில் பென்சிலால் கருமை தீட்டி, உப்புத்தாள் சுற்றிய நீண்ட கட்டையை இரண்டு மூன்று சட்டங்களின்மேல் சேர்த்து இழுத்து, கீற்றை வைத்துப் பார்த்து, மறுபடி இழுத்து, எல்லாச் சட்டங்களும் கீற்றை முழு விளிம்பாலும் தொடும்வரை தேய்க்க வேண்டும். ஓரிடத்தில் தேய்ந்து போகும். ஓரிடத்தில் குறைவாக இருந்தால் மெல்லிய சிம்பு ஒட்டி உயர்த்த வேண்டும். ஆறு திங்கட்கிழமைகள் அதற்கே ஆயின. கரித்தூள் விரல்களில் படிந்து, ஞாயிறன்று நற்கருணை கொடுக்கும்போதுகூட நகக்கண்ணில் கறுப்பாகத் தெரிந்தது.

அந்த ஆறு வாரங்களில் எனக்குள் ஒன்று தெளிந்தது. என் பொருத்தனை எனக்குச் சரியாகத் தெரிந்தது. அவன் உண்மை அவனுக்குச் சரி. இருவரும் செங்குத்தாக நின்றோம். நான் என் விளிம்பை அவன் இருக்கிற பக்கமாகச் சாய்த்துக் கொடுக்கவே இல்லை. போதகனாக நூறு குடும்பங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதோடு, அன்றிரவு நான் சொன்ன வார்த்தை இன்னும் கருகிய விளிம்பாகவே இருந்தது. கரியைத் தேய்க்காமல் அதன்மேல் லேசர் பேச்சுகளை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது திங்கட்கிழமை இரவு அழைத்தேன். "எய்யா, அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டு மேசையில நான் சொன்னது தப்பு. உன்ன கேக்காம நேந்துகிட்டதும் தப்பு. என்ன மன்னிச்சுக்கோ" என்றேன். ஊழியம், சித்தம், அழைப்பு என்றெல்லாம் விளக்கம் சேர்க்க நாவு எழும்பியது. அந்த முதியவரின் ஈட்டியை நினைத்துக்கொண்டேன். முனையை ஒடித்துவிட்டு வருகிறவன், முனையைத் தனியாகப் பையில் எடுத்துவரக்கூடாது. பேசாமல் இருந்தேன்.

அவன் அழுததாகவோ, உடனே மன்னித்துவிட்டதாகவோ எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நெடுநேரம் மௌனமாக இருந்தான். பின்பு கேட்டான்: "வெட்டும்போது அந்தக் கண்ணாடியப் போட்டுக்கிறீங்களாப்பா?"

"போட்டுக்கிறேன்யா."

"சரிப்பா. நான் அப்புறம் பேசுறேன்."

தாளில் கிடந்த அந்த இரண்டு கோடுகளின் பொருள் எனக்கு அப்போதுதான் புரிந்தது. தொலைபேசியை வைத்துவிட்டுப் பின்தாழ்வாரத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஈஸ்டருக்கு இரண்டு நாள் விடுப்பில் வந்தான். மூன்றரை ஆண்டுகளுக்குப் பின் அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். பழைய காரியத்தை அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மாலையில் தாழ்வாரத்துக்கு வந்து எலும்புக்கூட்டைக் கையில் எடுத்தான். பின்புறமிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "நேரா இருக்குப்பா" என்றான். தட்டிலிருந்த பழைய கப்பலையும் எடுத்து அப்படியே பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. "அது கோணல். மறைச்சுப் பூசி வச்சிருக்கேன்" என்று நானே சொன்னேன். அந்தக் கப்பலைக் குறித்து நான் ஒருவரிடம் உண்மை பேசியது அதுவே முதல் முறை. அவன் சிரித்தான், நானும் சிரித்தேன்.

அன்று இரவு இருவருமாகப் பலகை ஒட்டினோம். வெப்பாலைக் கீற்றுகளை வெந்நீரில் ஊறவைத்து, சூடான இரும்புக் குழாயின்மேல் மெல்ல அழுத்தினால் அணியத்தின் வளைவுக்கு இசைந்துவரும். காய்ந்த கீற்றைப் பலவந்தமாக வளைத்தால் பட்டென்று ஒடியும். ஒரு முனையை அவன் பிடித்தான். மறுமுனையை நான் சட்டத்தோடு சேர்த்தேன். இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று. ஒவ்வொரு முறையும், "இப்ப எந்தப் பக்கம்பா?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

கப்பல் இன்னும் முடியவில்லை. இருபுறமும் ஏழேழு பலகைகள் ஏறியிருக்கின்றன. அவன் வரும்போது மட்டும் அதைத் தொடுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். அவன் அடிக்கடி வர இயலுவதில்லை. எங்கள் இருவருக்குள்ளும் எல்லாம் முன்புபோல் ஆகிவிட்டதா என்றால், இல்லை. தேய்க்கவேண்டிய இடங்கள் இன்னும் உண்டு. கீற்றை வைத்துப் பார்த்தால் சில இடங்களில் வெளிச்சம் தெரியத்தான் செய்கிறது. ஆனால் எங்கே தெரிகிறது என்று இருவருக்கும் தெரியும்.

பழைய கப்பலை நான் எறியவில்லை. வெள்ளை வர்ணத்தைச் சுரண்டி, உள்ளே அப்பியிருந்த மரத்தூள் பசை கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருக்கிறேன். இனி யாராவது அது ஏன் கோணல் என்று கேட்டால், இந்தக் கதையைச் சொல்வேன்.

அன்பானவர்களே, இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கும் கட்டிலுக்கடியில் திறவாத பெட்டி ஒன்று கிடக்கலாம். ஒரு மகன், ஒரு மருமகள், கூடப்பிறந்தவர், ஒரு காலத்தில் உங்களோடு ஒரே பாயில் உண்ட நண்பர் யாரோ தமக்குத் தெரிந்த மொழியில் ஒன்றை அனுப்பியிருப்பார்கள். அது மன்னிப்பைப்போலவோ அன்பைப்போலவோ தோன்றாது. இயந்திரத்தை இயக்கும் குறிப்பைப்போல இருக்கும். அதில் எந்த வரியின் கீழ் கோடு இழுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் மூத்தவரானால், முதலில் எழுந்து போகிறவராக நீங்களே இருங்கள். போகும்போது ஈட்டியின் முனையை வீட்டிலும் வைக்காதீர்கள், பையிலும் வைக்காதீர்கள்.

இந்த வாரத்துக்கான ஜெபம்: எங்கள் பிதாவே, நாங்கள் பூசி மறைத்த கோணல்களை நீர் அறிந்திருக்கிறீர். அவற்றை மறைக்கச் செலவிடும் உழைப்பைச் சரிசெய்வதில் செலவிட எங்களுக்குத் தைரியம் தாரும். கருகிய விளிம்புகளைத் தேய்க்கும் பொறுமையைத் தாரும். எங்கள் பிள்ளைகளின் பக்கமாகச் சாய்ந்துகொடுக்கும் தாழ்மையை எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.